சுமக்கிறவரைச் சுமப்பது யார்?

(அவலூர்பேட்டையில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



வயல் வேலைகளுக்கு நடுவிலும் செஞ்சியிலிருந்தும் மேல்மலையனூரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் நேரம் ஒதுக்கி வந்திருக்கிறீர்கள். இன்று பக்கவாதத்தைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறோம். இரத்த அழுத்தத்தைக் கவனியுங்கள், சர்க்கரையைக் கவனியுங்கள் என்று மருத்துவர்கள் உங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் பேச வந்தது, நோயாளி உயிர் பிழைத்து வீடு திரும்பிய பிறகு அந்த வீட்டில் நடப்பதைப் பற்றி.

"கை கால் விழுந்துவிட்டது" என்று நம் பகுதியில் சொல்வார்கள். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ, மூளையின் ஒரு பகுதி பாதிக்கப்பட்டு, உடலின் ஒரு பக்கம் செயலிழக்கிறது. சிலருக்குப் பேச்சும் போய்விடுகிறது. நம் தேசத்தில் ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேரில் 105 முதல் 152 பேர் வரை புதிதாகப் பக்கவாதத்துக்கு ஆளாகிறார்கள் என்று 2017-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது.

வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் மனைவியின் கையிலோ மருமகளின் கையிலோ ஒரு மாத்திரைச் சீட்டைக் கொடுக்கிறோம். அதற்குப் பின் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதும், கழிப்பிடத்துக்குத் தாங்கிப் போவதும், கஞ்சி ஊட்டுவதும், மடங்கிப்போன விரல்களை நீட்டிவிடுவதும் அவர் பொறுப்பு. கடலைக் கொல்லையில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர் அதையும் விட்டுவிட நேரிடுகிறது. எண்ணெய் தேய்க்கச் சொல்லவும், புறா இரத்தம் தடவச் சொல்லவும் ஆட்கள் வருவார்கள். வருகிறவர்கள் எல்லாரும் "அவர் எப்படி இருக்கிறார்?" என்றே கேட்பார்கள். "நீ எப்படி இருக்கிறாய் அம்மா?" என்று கேட்பவர் அரிது.

இந்தக் குடும்பங்களைப் பற்றி நம் தேசத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பஞ்சாபில் மிஷனரி மருத்துவர் எடித் பிரௌன் 1894-ல் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்ததுதான் லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அங்கே பணியாற்றும் நரம்பியல் மருத்துவர் ஜெயராஜ் துரை பாண்டியனும், ஆஸ்திரேலியாவின் பேராசிரியர் ரிச்சர்ட் லிண்ட்லியும், வேறு பல மருத்துவர்களும் சேர்ந்து 'அட்டென்ட்' என்ற ஆய்வை நடத்தினார்கள். 2014 ஜனவரி முதல் 2016 பிப்ரவரி வரை, இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகள் இதில் சேர்க்கப்பட்டார்கள்.

கேள்வி எளிமையானது. நம் தேசத்தில் பயிற்சி பெற்ற பிசியோதெரபி நிபுணர்கள் போதாது. ஆனால் எல்லா நோயாளிகளுக்கும் குடும்பம் இருக்கிறது. அப்படியானால், குடும்பத்தாருக்கே கற்றுக்கொடுத்து, வீட்டிலேயே மறுவாழ்வுப் பயிற்சி நடத்தினால் என்ன? ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்தது. மற்றொரு பிரிவினருக்கு, வழக்கமான சிகிச்சையோடு, கவனித்துக்கொள்ளும் உறவினருக்கான பயிற்சி மருத்துவமனையிலேயே தொடங்கி வீட்டில் இரண்டு மாதம் வரை தொடர்ந்தது.

நல்ல பலன் வரும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். 2017-ல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதத்துக்குப் பின் இறந்துபோனவர்களும், அன்றாட வேலைக்குப் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் சேர்ந்து, இரண்டு பிரிவுகளிலும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை. நோயாளியின் மனநிலையிலும், கவனிப்பவர் உணரும் பாரத்திலும்கூட குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை.

பிரியமானவர்களே, இந்த முடிவை மறைக்காமல் வெளியிட்ட அந்த ஆராய்ச்சியாளர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். குடும்பத்தாரின் அன்பு வீண் என்று அது சொல்லவில்லை. இரண்டு பிரிவுகளிலுமே குடும்பத்தார்தான் இரவும் பகலும் பார்த்துக்கொண்டார்கள். ஏற்கெனவே பாரம் சுமக்கிறவர் கையில் இன்னும் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் போதாது என்பதே இதிலிருந்து நாங்கள் கற்றுக்கொள்ளும் பாடம்.

எது பலன் தருகிறது என்பதும் தெரிந்த விஷயமே. பக்கவாத நோயாளிகளை ஒரே வார்டில் வைத்து, மருத்துவர், செவிலியர், பிசியோதெரபி நிபுணர், கைத்தொழில் பயிற்சியாளர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோர் ஒரே குழுவாகக் கூடிப் பேசிச் சிகிச்சை அளித்தால், பிழைத்துத் தன் காலில் நிற்பவர்கள் அதிகமாகிறார்கள் என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தப் பலன் விலையுயர்ந்த இயந்திரத்தால் வருவதன்று. ஒன்றுகூடி உழைக்கும் மனிதரால் வருகிறது.

மாற்கு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில் வரும் திமிர்வாதக்காரனை நாம் அறிவோம். அவனை எடுத்து வந்தவர்கள் நாலு பேர். ஒருவர் மாத்திரம் சுமந்திருந்தால் கூரை வரை ஏறியிருக்க முடியுமா? நம் ஊர்களில் அந்த நாலு பேரின் வேலையையும் ஒரே ஒரு பெண் செய்துகொண்டிருக்கிறாள்.

இனி மனதைக் குறித்துச் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்று மாரி ஹேக்கெட் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2005-ல் எழுதினார்கள். சாப்பாடு வேண்டாம் என்பது, விடிகாலையில் விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பது, "நான் இருந்து என்ன பயன்" என்பது, பயிற்சி செய்ய மறுப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். வீட்டிலுள்ளவர்கள் இதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ நினைத்துவிடுகிறார்கள். பேச்சை இழந்தவரோ தன் துக்கத்தை வாய்விட்டுச் சொல்லவும் இயலாதவர். மனம் தளர்ந்தவர் கையைத் தூக்கிப் பழக மாட்டார். பழகாத கை இன்னும் இறுகிப்போகும். அதைக் கண்டு மனம் மேலும் தளரும்.

அதற்காக எல்லாருக்கும் ஒரு மாத்திரை கொடுத்துவிடலாமா? பிரிட்டனில் 3127 நோயாளிகளிடம் அதையும் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். மனச்சோர்வுக்கான ஒரு மருந்தை எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்தபோது மனச்சோர்வு ஓரளவு குறைந்தது. ஆனால் கை கால் இயக்கம் கூடவில்லை, எலும்பு முறிவோ அதிகமாயிற்று. ஆகவே ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்து அறிவதற்கு மாற்று இல்லை. மனச்சோர்வு உண்டென்று மருத்துவர் கண்டு மருந்து கொடுத்தால், அதை உட்கொள்வது விசுவாசக் குறைவு ஆகாது. சர்க்கரைக்கு மருந்து எடுப்பது போலத்தான் அதுவும்.

சென்னையில் சுரேஷ்குமார் கமலக்கண்ணன் என்ற ஆராய்ச்சியாளர், வீடு திரும்பிய நோயாளிகளிடமும் அவர்களைக் கவனிப்பவர்களிடமும் என்ன தேவை என்று கேட்டறிந்தார். இந்த வியாதியைப் பற்றி விளக்கமாகச் சொல்ல ஆள் வேண்டும் என்பது பெரும்பாலானோரின் தேவையாக இருந்தது. அவரும் உடன் பணியாற்றியவர்களும் கைபேசியில் பார்த்துப் பழகும் பயிற்சிப் படங்களை உருவாக்கினார்கள்.

அரசாங்கமும் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கி, வீட்டுக்கே பிசியோதெரபி சேவையை அனுப்புகிறது. மன வேதனையில் இருப்பவர்கள் 14416 என்ற இலவச எண்ணில் பேசலாம். இவற்றை உங்கள் சபை மக்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

ஆதரவாளர்களாகிய உங்களிடம் வெளிப்படையாக ஒன்றைச் சொல்லுகிறோம். ஓர் இயந்திரம் வாங்கிக் கொடுத்தால் அதன்மேல் கொடுத்தவர் பெயரைப் பொறிக்கலாம். வெயிலில் இருசக்கர வண்டியில் கிராமத்துக்குப் போய், ஒரு முதியவரை எழுப்பி நிற்க வைக்கும் பயிற்சியாளரின் மாதச் சம்பளத்தில் எந்தப் பெயரையும் பொறிக்க முடியாது. ஆயினும் பக்கவாத நோயாளிகளுக்கு இன்று அதிகம் தேவைப்படுவது அந்தச் சம்பளம்தான். உங்கள் காணிக்கையை அதற்கென்று கொடுக்க யோசியுங்கள்.

பணம் கொடுக்க இயலாதவர்களும் ஒன்று செய்யலாம். உங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு இருக்கும். வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் நோயாளியின் அருகில் நீங்கள் உட்காருங்கள். அந்த அம்மா சந்தைக்குப் போய் வரட்டும், அல்லது சற்றுத் தூங்கட்டும். அவர் திரும்பி வந்ததும் முதலில் அவருடைய சுகத்தை விசாரியுங்கள். அவர் அழுதால் அவசரப்பட்டு ஆறுதல் வார்த்தை சொல்லாமல், முடியும் வரை கேளுங்கள்.

இதுவரை உங்கள் ஜெபங்களாலும் காணிக்கைகளாலும் எங்கள் பணியைத் தாங்கி வந்திருக்கிறீர்கள். கட்டிலில் கிடப்பவரோடு, கட்டிலருகே விழித்திருப்பவரையும் இனி உங்கள் ஜெபக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.