பெரிய வீல் மாட்டும் முன் டயர் சென்சாரைக் கேளுங்கள்

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், வாகனப் பராமரிப்பு பற்றிய பகுதியில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பேஸ்மென்ட்டில் இந்த வருடம் பல கார்களில் பெரிய அலாய் வீல் ஏறியிருக்கிறது. நானும் மாட்டியவன்தான். 16 அங்குலத்திலிருந்து 17. கடையிலிருந்து கிளம்பியதுமே டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு மினுக்கியது. கேட்டதற்கு, "அது சென்சார் சார், வீல் மாத்தினா அப்படித்தான் வரும், கண்டுக்காதீங்க" என்றார்கள். நானும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு மாதம் கழித்து, திண்டிவனம் தாண்டிப் போகும்போது பின் டயரில் ஆணி ஏறியது. விளக்குதான் ஏற்கெனவே எரிந்துகொண்டே இருக்கிறதே, புதிதாக என்ன சொல்லும்? வண்டி ஒரு பக்கம் இழுக்கும்போதுதான் தெரிந்தது. டயரின் பக்கச்சுவர் நசுங்கிக் கிழிந்திருந்தது. பின் சீட்டில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த விளக்கைப் பற்றி ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன்.

முதலில், உங்கள் காரில் எந்த வகை இருக்கிறது என்று பாருங்கள். ஒன்று, நேரடி வகை. ஒவ்வொரு வீலுக்குள்ளும் வால்வை ஒட்டி ஒரு சிறிய சென்சார் இருக்கும். அது காற்றழுத்தத்தை அளந்து ரேடியோ சிக்னலாக அனுப்பும். இந்த வகையில் பெரும்பாலும் நான்கு டயரின் பிஎஸ்ஐயும் திரையில் தனித்தனியாகத் தெரியும். இன்னொன்று, மறைமுக வகை. வீலுக்குள் எதுவும் கிடையாது. ஏபிஎஸ் சென்சாரை வைத்து, காற்றுக் குறைந்த டயர் மற்றவற்றைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றுவதைக் கண்டுபிடிக்கும்.

மறைமுக வகை என்றால் வேலை சுலபம். புது வீல் மாட்டி, நான்கிலும் சரியான காற்று அடித்தபிறகு, மெனுவில் ரீசெட் கொடுக்க வேண்டும். வரிசை முக்கியம். காற்றுக் குறைவாக இருக்கும்போது ரீசெட் கொடுத்தால், அந்தக் குறைவையே சரி என்று கார் எடுத்துக்கொள்ளும்.

நேரடி வகை என்றால் சென்சார் பழைய வீலோடு போய்விடும். எனக்கு நடந்தது அதுதான். என் நான்கு சென்சாரும் பழைய வீலோடு ஸ்டோர் ரூமில் தூங்கிக்கொண்டிருந்தன. இதற்கு இரண்டு வழி. பழைய சென்சார்களைக் கழற்றிப் புது ரிம்மில் மாட்டலாம். வால்வு உட்காரும் இடம் பொருந்துகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அல்லது புது சென்சார் வாங்கி, அதன் அடையாள எண்ணைக் காருக்குப் பதிவு செய்ய வேண்டும். சென்சாரின் பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாது. ஏழெட்டு வருடம் ஆன சென்சார் என்றால் டயர் கழற்றும்போதே புதிது போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் இன்னொரு முறை டயர் கழற்றும் கூலி தண்டம்.

கழற்றுபவரிடம் "வால்வு பக்கம் சென்சார் இருக்கு" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். தெரியாமல் அந்த இடத்தில் மிஷினை அழுத்தினால் உடைந்துவிடும். பஞ்சருக்கு ஊற்றும் திரவமும் சில வகை சென்சாரின் துளையை அடைத்துவிடும்.

இனி, பலர் யோசிக்காத ஒன்று. விளக்கு எரியும் அளவு உங்கள் பழைய டயருக்காக வைக்கப்பட்டது. ஒரு கணக்கு சொல்கிறேன். 195/55 ஆர்16 டயரின் மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ. 205/45 ஆர்17 சுமார் 616 மி.மீ. ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை, ஸ்பீடோமீட்டருக்குப் பிரச்சினை வராது. ஆனால் டயருக்குள் காற்று நிற்கும் இடம் குறைந்துவிட்டது. பழைய டயரில் சுமை எண் 87, அதாவது 545 கிலோ. புதியதில் 84 என்று போட்டிருந்தால் 500 கிலோதான், அதை வாங்காதீர்கள். 88 எக்ஸ்எல் என்றால் 560 கிலோ, ஆனால் அந்த முழுச் சுமையைத் தாங்க 42 பிஎஸ்ஐ வேண்டும். கதவோரம் 33 என்று ஒட்டியிருந்தால், அதே சுமைக்கு இந்த டயருக்கு 36, 37 தேவைப்படலாம். சரியான எண்ணை டயர் கம்பெனியின் சுமை அட்டவணையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்போது பாருங்கள். அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். அந்தக் கணக்கில் 33 என்பது ஏறக்குறைய 25க்கு இறங்கினால்தான் எரியும். 37 தேவைப்படும் டயரும் அதே 25 வரை இறங்கும்வரை விளக்கு வாயைத் திறக்காது. அதற்குள் மூன்றில் ஒரு பங்கு அழுத்தம் போயிருக்கும். விளக்கு எரியவில்லை என்பதால் டயர் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

விளக்கின் பாஷையும் தெரிந்திருக்கட்டும். பெரும்பாலான கார்களில், நின்று எரிந்தால் காற்றுக் குறைவு. ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டுப் பிறகு நின்று எரிந்தால், சென்சார் பேசவில்லை, கண்காணிப்பே இல்லை என்று பொருள். நம் நாட்டில் 2020 முதல், இந்த வசதியும் டியூப்லெஸ் டயரும் பஞ்சர் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. உங்கள் கார் அப்படி வந்தது என்றால், சென்சார் இல்லாமல் ஓட்டுவது இரண்டு பாதுகாப்பையும் இழப்பது.

சென்சாருக்குச் செலவழிக்க மனமில்லை என்றால், வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் வெளி சென்சார் கிடைக்கிறது. ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். ரப்பர் வால்வை மட்டும் உலோக வால்வாக மாற்றிக்கொள்ளுங்கள், எடை தாங்கும்.

கடைசியாக, வீலின் அளவை உங்கள் மாடலின் மேல் வேரியண்ட்டில் கம்பெனியே கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸுக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

மாதம் ஒருமுறை, காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது கேஜ் வைத்துப் பாருங்கள். சங்க அலுவலகத்தில் ஒரு கேஜ் வாங்கி வைத்திருக்கிறோம், கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். பார்க்கத் தெரியாதவர்கள் ஞாயிறு காலை 7 மணிக்கு பேஸ்மென்ட்டுக்கு வாருங்கள், நான் அங்கே இருப்பேன்.