மந்தையா? கொத்தா? தோப்பா?

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மேடைக்கு வருமுன் ஒரு சிறு வேலை செய்தேன். இந்த அரங்கின் இடப்பக்கக் கதவுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றை நகர்த்தி, தாழ்ப்பாளை நீக்கச் சொன்னேன். நாற்காலியைத் தூக்கிய தம்பி, "யாராவது வி.ஐ.பி. வர்றாங்களா சார்?" என்று கேட்டான். "ஆமாம்ப்பா, எல்லாரும் ஏற்கெனவே வந்து உள்ளே உட்கார்ந்திருக்காங்க" என்றேன். என் தொழில் என்னவென்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஆம், நான் ஓர் இரசாயன ஆலையில் பாதுகாப்பு அதிகாரி. இதை எங்கள் ஊரில் புரியவைப்பது எளிதல்ல. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், வருங்கால மாமனார் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இன்ஜினீயரிங் படிச்சிட்டு ஏன் தம்பி செக்யூரிட்டி வேலைக்குப் போனீங்க? நைட் ஷிப்ட் உண்டா?" செக்யூரிட்டி வேறு, சேப்டி வேறு என்று அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில், "சரி, யூனிபாரம் கொடுக்கிறாங்கல்ல" என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

சங்கச் செயலாளர் என் விடுதி அறைத் தோழன். போன மாதம் போன் செய்து, "டேய், பத்து நிமிஷம் பேசணும். சிரிப்பாப் பேசு. தயவு செஞ்சு ஹெல்மெட்டைப் பத்தி மட்டும் பேசிடாதே" என்றான். ஆகவே இன்று என் தலைப்பு இலக்கணம். பயப்படாதீர்கள், நாலாம் வகுப்பு இலக்கணம்தான்.

சின்ன வயதில் கூட்டப் பெயர்கள் படித்தோமே, நினைவிருக்கிறதா? ஆட்டு மந்தை, எறும்புச் சாரை, சாவிக் கொத்து, வாழைத் தார், விறகுக் கட்டு, வைக்கோற் போர், தென்னந்தோப்பு. தென்னங்காடு என்று எழுதினால் தமிழையா தலையில் குட்டுவார். ஆங்கிலக்காரர்கள் இந்த விஷயத்தில் குறும்புக்காரர்கள். சிங்கக் கூட்டத்துக்குப் 'பெருமை' என்று பெயர். காக்கைக் கூட்டத்தைக் 'கொலை' என்பார்கள். ஆந்தைகள் கூடினால் 'பாராளுமன்றம்'! 1486-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் வேட்டையைப் பற்றி அச்சான ஒரு நூலிலேயே இப்படி ஒரு பட்டியல் உண்டு. அதில் மிருகம், பறவையோடு மனிதர்களையும் விட்டுவைக்கவில்லை. நீதிபதிகள் சேர்ந்தால் ஒரு 'தண்டனைத் தீர்ப்பு' என்று போட்டிருக்கிறார்கள். 1968-இல் ஜேம்ஸ் லிப்டன் என்ற அமெரிக்கர் இந்தப் பெயர்களைத் திரட்டித் தனிப் புத்தகமே போட்டார்.

இதை நாங்கள் கண்டுகொண்டது ஒரு பயிற்சி வகுப்பில். பல ஆலைகளிலிருந்து நாற்பது பாதுகாப்பு அதிகாரிகள், ஐந்து நாள் வகுப்பு. மூன்றாம் நாள் மதியம், சாம்பார் சாதத்துக்குப் பிறகு, தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரம். பாடம் நடத்திய பெரியவர் அனுபவசாலி. புத்தகத்தை மூடிவிட்டு, "நீங்க நாற்பது பேரும் சேர்ந்தா அதுக்கு என்னய்யா பேரு?" என்று கேட்டார். அவ்வளவுதான், தூக்கம் பறந்துவிட்டது.

"ஒரு நச்சரிப்பு" என்றார் முன் வரிசை நண்பர். "ஒரு கூடாது" என்றார் இன்னொருவர். எங்கள் வாயில் அதிகம் வரும் சொல் அதுதானே! உற்பத்திப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர், "நான் அங்கே இருந்தப்போ உங்களை 'முட்டுக்கட்டை'ன்னுதான் சொல்வோம்" என்று உண்மையை ஒப்புக்கொண்டார்.

பிறகு எங்கள் உறவுக்காரர்களையும் விடவில்லை. தீயணைப்புப் பிரிவினர் சேர்ந்தால் ஒரு தண்ணீர்ப் பந்தல். தூசியையும் புகையையும் அளப்பவர்கள் ஒரு தும்மல். இரைச்சலை அளப்பவர்கள் ஒரு 'என்னது?'. குனிவதையும் நிமிர்வதையும் ஆராய்பவர்கள் ஒரு முதுகுவலி. தணிக்கைக்கு வருபவர்கள் ஒரு 'ஏன்-ஏன்-ஏன்'. அரசு ஆய்வாளர்கள் வரும் செய்தி கிடைத்ததும் ஆலை முழுக்கச் சுண்ணாம்பும் பெயின்டும் மணக்கும் அல்லவா, ஆகவே அவர்கள் ஒரு வெள்ளையடிப்பு. ஆபத்தைக் கட்டம் போட்டு மதிப்பிடுபவர்களுக்கு மட்டும் மரியாதையான பெயர் கிடைத்தது: ஓர் அணி. தமிழ் வழியில் பிளஸ் டூ கணக்குப் படித்தவர்கள் மட்டும் இதற்குச் சிரிக்கலாம்.

பாதுகாப்புக் குழுவுக்கு என்ன பெயர் தெரியுமா? ஒரு பஜ்ஜி! மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், பஜ்ஜியும் டீயும், 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று ஒரு நடவடிக்கைக் குறிப்பு. இதைச் சொல்லி நாங்கள் சிரித்தபோது அந்தப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தக் குழு எங்கிருந்து வந்தது தெரியுமா?" என்றார். 1984 டிசம்பரில் போபாலில் ஒரே இரவில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மாண்டார்கள். அதற்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான செயல்முறை உள்ள ஆலைகளில் தொழிலாளர்களும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் உட்கார்ந்து பேச ஒரு குழு வேண்டும் என்று அந்தத் திருத்தம் சொன்னது. "அத்தனை உயிரைக் கொடுத்து வாங்கின நாற்காலி. அதில் உட்கார்ந்து பஜ்ஜி மட்டும் தின்னுட்டு வராதீங்க" என்றார்.

இன்னொரு இலக்கண விஷயமும் உண்டு. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதுகாப்பு அதிகாரி என்ற பதவியே கிடையாது. 1976-இல்தான், 1000 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளுக்கு வேண்டும் என்று சேர்த்தார்கள். 2020-இல் நிறைவேறிய சட்டத் தொகுப்பு ஆலைகளுக்கான அந்த எண்ணை 500 ஆகவும், ஆபத்தான செயல்முறை இருந்தால் 250 ஆகவும் குறைத்தது. நான் முதலில் சேர்ந்த ஆலையில் அத்தனை பேருக்கும் நான் ஒருவன்தான். ஆகவே எங்களுக்குக் கூட்டப் பெயர் தேவைப்படுவதே மாநாடுகளில் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் நாங்கள் ஒருமை. உற்பத்தி அவசரத்தில் எங்களை அழைப்பதும் ஒருமையில்தான்!

நண்பர்களே, அந்த வகுப்பில் நான் ஒரு பெயர் சொன்னேன். அதற்குத்தான் அன்று அதிகக் கைதட்டல். பணி அனுமதிச் சீட்டில், ஆலை பாஷையில் பெர்மிட், வரிசையாகக் கையெழுத்துப் போடும் அதிகாரிகளுக்கு 'ஒரு கிறுக்கல்' என்று பெயர் வைத்தேன். பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த ஐந்தாவது மாதம் அந்தப் பெயர் எனக்கே வந்து சேர்ந்தது. அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

எட்டு வருடங்களுக்கு முந்தைய கதை. ஆலையின் பெயர் வேண்டாம். ஒரு பெரிய கலனைச் சுத்தம் செய்ய ஆள் இறங்க வேண்டும். கலனுக்கு அடிப்பக்கமாக நைட்ரஜன் குழாய் ஒன்று வருகிறது. இப்படிப்பட்ட குழாயில் வால்வை மூடினால் மட்டும் போதாது. இடையில் இரும்புத் தகடு செருகி முழுக்க அடைக்க வேண்டும். அன்று தகடு செருகவில்லை. வால்வை மூடியிருந்தார்கள், அவ்வளவுதான். அந்த வால்வோ லேசாக 'பாஸ்' ஆகிக்கொண்டிருந்தது. காலை 8 மணிக்கு மீட்டர் வைத்துப் பார்த்தபோது ஆக்சிஜன் சரியாக இருந்தது. ஆள் இறங்கவிருந்ததோ 11 மணிக்கு.

பெர்மிட்டில் ஐந்து கையெழுத்து. உற்பத்தி, பராமரிப்பு, மின்சாரம், கான்ட்ராக்டரின் மேற்பார்வையாளர், கடைசியில் நான். பத்தே முக்காலுக்கு என் மேசைக்கு வந்தது. நான்கு கையெழுத்து இருந்தது. நாலு பேர் பார்த்திருக்கிறார்களே என்று நானும் போட்டுவிட்டேன். பிறகு விசாரித்தால், அந்த நாலு பேரும், "கடைசியில் சேப்டி ஆபீசர் பார்த்துப்பாரே" என்று போட்டிருக்கிறார்கள். ஆக ஐந்து பேர் கையெழுத்துப் போட்டோம், ஒருவரும் பார்க்கவில்லை.

நைட்ரஜனுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் அதுதான். ஆகவே மூக்கு எச்சரிக்காது, இருமல்கூட வராது. ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து குறையக் குறைய முதலில் புத்தி தடுமாறும். 10-ஐ நெருங்கினால் நினைவு தப்பும். உள்ளே ஒருவர் விழுந்தால், பார்த்த அடுத்தவர் பதறி இறங்குவார். அவரும் விழுவார். இப்படி அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் அதிகமானோர் காப்பாற்றப் போனவர்கள் என்று 1986-இலேயே அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் எச்சரித்திருக்கிறது.

அன்று கலனின் வாயருகே காவலுக்கு நின்றவர் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி. ஐம்பது வயதிருக்கும். நாங்கள் எல்லாரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். இறங்க வேண்டிய பையனுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு காலை உள்ளே வைத்துவிட்டான். அண்ணன் அவனுடைய பெல்ட்டைப் பிடித்து நிறுத்திவிட்டார். மேற்பார்வையாளர் கத்துகிறார், "பெர்மிட் இருக்குல்ல, விடுய்யா." இவர் நகரவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். நானும் கொஞ்சம் கோபமாகத்தான் போனேன்.

"சார், காலையில பார்த்தது காலைக்குத்தான். இப்ப ஒரு தடவை மீட்டரை இறக்கிப் பாருங்க. அப்புறம் நானே இறக்கி விடறேன்" என்றார்.

மீட்டரின் குழாயை இறக்கினேன். வாயருகே 19. பாதி ஆழத்தில் 15. அடியில் 11. மீட்டர் அலறிக்கொண்டே இருந்தது. 19.5-க்குக் கீழே ஆளை இறக்கவே கூடாது. என் கை நடுங்கியதில் மீட்டரை அண்ணன்தான் வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை அவரோடு டீக்கடையில் உட்கார்ந்தேன். "எப்படிண்ணே தோணுச்சு?" என்று கேட்டேன். "இதுல என்ன சார் இருக்கு? எங்க ஊர்ல பாழுங்கிணத்துல தூர் வார இறங்கினா, முதல்ல கயித்துல விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பாங்க. அணைஞ்சா இறங்க மாட்டாங்க. நேத்துப் பார்த்தோமேன்னு யாரும் இன்னைக்கு இறங்கினதில்லை" என்றார். (தம்பிகளே, இரசாயனக் கலனில் யாரும் விளக்கை இறக்கிவிடாதீர்கள். தீப்பற்றும் வாயு இருந்தால் அப்புறம் கூட்டப் பெயருக்கு ஆளே மிஞ்சாது.)

நான் அறிக்கை எழுதினேன். மேலதிகாரி, "நடக்காததை ஏன்ப்பா எழுதறே? வால்வு லீக்னு மட்டும் போடு" என்றார். வால்வையும் எழுதினேன், செருகாத தகட்டையும் எழுதினேன், பார்க்காமல் கையெழுத்துப் போட்ட ஐந்து பேரையும் எழுதினேன். என் பெயரை முதலில் போட்டேன். அந்த வருட மதிப்பீட்டில், 'குழுவோடு ஒத்துப்போகப் பழக வேண்டும்' என்று எனக்கு ஒரு வரி கிடைத்தது. சம்பள உயர்வும் அதற்கேற்றாற்போல் கிடைத்தது. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து பெர்மிட்டில் ஒரு புதிய கட்டம் வந்தது: இறங்குவதற்குச் சற்று முன் எடுத்த அளவு, எடுத்தவர் பெயர், நேரம். அதை நிரப்பாமல் ஆள் இறங்கக் கூடாது.

ஒருநாள் விளையாட்டாக அண்ணனிடம் எங்கள் கூட்டப் பெயர்களையெல்லாம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "சரிண்ணே, உங்களை மாதிரி ஆளுங்க பத்துப் பேர் சேர்ந்தா என்ன பேர் வைக்கலாம்?" என்றேன். "பத்துப் பேர் எதுக்கு சார்? வாயில ஒருத்தன் நின்னாப் போதும். நகராம நிக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

என் வகுப்புத் தோழர்களே, நம்மில் பலர் இன்று மேலாளர்கள். ஒரு நாளைக்கு எத்தனையோ காகிதங்களில் கையெழுத்துப் போடுகிறோம். உங்கள் முன் வரும் தாளில் ஏற்கெனவே நாலு கையெழுத்து இருந்தால், தயவுசெய்து அதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுந்து போய் ஒருமுறை பாருங்கள். உங்களை நிறுத்திக் கேள்வி கேட்கும் தொழிலாளியிடம் கோபப்படாதீர்கள். நான் கோபமாகத்தான் போனேன். அன்று அவர் எனக்குப் பயந்து வழிவிட்டிருந்தால், இன்று இந்த மேடையில் நின்று சிரிக்கச் சிரிக்கப் பேச எனக்கு முகம் இருந்திருக்காது. அந்தப் பையனுக்குப் போன தை மாதம் கல்யாணம். பத்திரிகையை என் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தான்.

செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். முடிக்கிறேன். முன்னாள் மாணவர்கள் ஒன்று சேர்ந்தால் என்ன பெயர் என்று காலையில் காப்பி குடிக்கும்போது ஒரு நண்பர் கேட்டார். நம்முடைய பழைய மதிப்பெண் பட்டியல்களை மனதில் வைத்து, 'ஓர் அரியர்ஸ்' என்று வைத்துக்கொள்ளலாம் என நினைக்கிறேன். பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

சாப்பாடு தயாராம். நெரிசல் வேண்டாம். இடப்பக்கக் கதவும் திறந்துதான் இருக்கிறது.