இறுகிப்போன சக்கர பேரிங்கைக் கழற்றும் முறை
(உழவர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



நம்மில் பலர் இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிய பழைய டிராக்டரை இன்றும் வைத்து உழவு செய்து வருகிறோம். என்ஜின் நன்றாக இருக்கும். ஹைட்ராலிக்கும் வேலை செய்யும். ஆனால் முன் சக்கரத்தில் 'கடகட' என்று ஓசை கேட்கும். நடவுப் பருவம் முடியட்டும், பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று தள்ளிப் போடுவோம். ஒரு நாள் சக்கரம் சுற்ற மறுக்கும். கழற்றிப் பார்த்தால் பேரிங் அச்சோடு அச்சாக இறுகி இருக்கும். அதன் பிறகு சுத்தியலும் உளியும்தான். இந்த இடத்தில் செய்யும் தவறு பெரும் செலவில் கொண்டு போய் விடுகிறது. ஆகவே இதைப் பற்றி இன்று பேசலாம் என்று எண்ணுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் கொள்ளுங்கள். பேரிங் போனால் போகட்டும்; அது விலைக்குக் கிடைக்கும். அது அமரும் அச்சுமுனை கெட்டால் செலவு பன்மடங்கு. கண் போனால் எவ்வளவு கொடுத்தாலும் திரும்பாது.

பேரிங் ஏன் இறுகுகிறது?

டிராக்டரின் முன் சக்கரத்தில் பொதுவாக இரண்டு பேரிங்குகள் உள்ளன. உட்புறம் பெரியது, வெளிப்புறம் சிறியது. இரண்டிலும் உருளைகள் கூம்பு வடிவில் சாய்ந்து இருக்கும். இந்த வகை பேரிங்குக்கு 1898ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற ஹென்றி டிம்கன் அமெரிக்காவில் குதிரை வண்டி செய்யும் தொழிலில் இருந்தவர். வண்டி திரும்பும்போது சக்கரத்தின் மேல் பாரம் மட்டுமல்ல, பக்கவாட்டுத் தள்ளலும் விழுகிறது. சாய்ந்த உருளை இரண்டையும் தாங்கும்.

பெரும்பாலான முன் சக்கரங்களில் பேரிங்கின் உள்வளையம் அச்சுமுனை மீது கையால் தள்ளினாலே ஏறும்படிதான் அமைக்கப்பட்டுள்ளது. அப்படிப்பட்டது இறுகுகிறது என்றால் காரணம் இரண்டே. ஒன்று தண்ணீர், மற்றொன்று சூடு. சேற்றுழவின்போது முன் சக்கரம் மணிக்கணக்கில் சேற்றில் கிடக்கிறது. ஆயில் சீல் தேய்ந்திருந்தால் சேற்றுநீர் உள்ளே புகுந்து துரு ஏறுகிறது. கிரீஸ் தீர்ந்து போனாலோ, நட்டை அளவுக்கு மேல் இறுக்கினாலோ சூடேறிப் பிடித்துக் கொள்கிறது. எனவே இறுகிய பேரிங்கை மாற்றினால் மட்டும் போதாது. இறுகிய காரணத்தையும் மாற்ற வேண்டும்.

கழற்றும் முன்

டிரெய்லரைக் கழற்றி விட்டு, டிராக்டரைச் சமமான கெட்டித் தரையில் நிறுத்துங்கள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியில் தூக்கியதும் முன் அச்சின் கீழ் பலமான மரக்கட்டைகளை அடுக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது.

டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஹப் மட்டும் ஆடினால் பேரிங் தேய்ந்துள்ளது. அச்சுமுனையும் சேர்ந்து ஆடினால் கோளாறு கிங் பின் புஷ்ஷில் இருக்கிறது. இதைப் பார்க்காமல் நல்ல பேரிங்கை மாற்றி விட்டு, ஆட்டம் நிற்கவில்லையே என்று வருந்துவோர் உண்டு.

இனி கிரீஸ் மூடி, ஸ்பிளிட் பின், பள்ளம் வெட்டிய நட்டு, வாஷர், வெளி பேரிங் என்ற வரிசையில் கழற்றி, அதே வரிசையில் ஒரு சாக்கின் மேல் வையுங்கள். ஹப்பை இழுத்தால் வந்து விடும். இறுகிய உள் பேரிங்கின் உள்வளையம் மட்டும் அச்சுமுனையிலேயே தங்கி விடும்.

உள்வளையத்தை எடுக்கும் முறை

எளிய முறையில் தொடங்கிப் படிப்படியாகச் செல்ல வேண்டும்.

1. வளையத்தைச் சுற்றி டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி ஓர் இரவு ஊற விடுங்கள். துருவினால் பிடித்தது பெரும்பாலும் இதிலேயே இளகும்.

2. மறுநாள் புல்லர் மாட்டுங்கள். புல்லரின் கால்கள் வளையத்தின் பின்விளிம்பில் சரியாகப் பிடிக்க வேண்டும். அச்சுமுனைக்கும் புல்லர் திருகுக்கும் இடையே சிறு இரும்புத் தகடு வையுங்கள். கொஞ்சம் இறுக்கி, திருகின் தலையில் லேசாக ஒரு தட்டு. மீண்டும் இறுக்கி, மீண்டும் ஒரு தட்டு.

3. அதற்கும் வரவில்லை என்றால் சூடு காட்டலாம். முதலில் டீசலையும் கிரீசையும் சுத்தமாகத் துடைத்து விடுங்கள். கேஸ் தீயை வளையத்தின் மேல் மட்டும் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். வளையம் விரிந்ததும் புல்லருக்கு இணங்கும். அச்சுமுனையில் தீயை நிறுத்தாதீர்கள். சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றவே கூடாது.

4. கடைசி முறை, வளையத்தைப் பிளப்பது. கிரைண்டரால் வளையத்தின் கனத்தில் முக்கால் பங்கு மட்டும் வெட்டுங்கள். வெட்டிய பள்ளத்தில் உளியை வைத்து ஒரே ஓங்கு. வளையம் விரிசல் விட்டுத் தளர்ந்து விடும். முழுவதும் வெட்ட முயன்றால் கிரைண்டர் அச்சுமுனையைத் தொட்டு விடும்.

பேரிங் எஃகு மிகக் கடினமானது. ஆனால் எளிதில் தெறிக்கக் கூடியது. சுத்தியலால் நேரடியாக அடித்தால் சில்லு பறக்கும். ஆகவே கண்ணாடி அணியாமல் இவ்வேலையைத் தொடக் கூடாது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் சிறுவர்களையும் அப்புறப்படுத்துங்கள்.

ஹப்பின் உள்ளே உள்ள வெளிவளையத்தைப் பித்தளைக் கம்பியால் எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றித் தட்டி எடுக்கலாம். அசையவே இல்லை என்றால், வளையத்தின் உட்புறம் சுற்றிலும் ஒரு வரி வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். ஆறும்போது வளையம் சுருங்கித் தானே கழன்று விடும்.

பழைய பேரிங் சொல்லும் செய்தி

எடுத்த பேரிங்கைத் தூக்கி எறியாதீர்கள். கிரீஸ் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. உருளைகள் நீலம் பாய்ந்திருந்தால் சூடேறியுள்ளது. மேல்பரப்பு செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் தேய்ந்து ஆயுள் முடிந்தது. வளையத்தில் பொறித்துள்ள எண்ணையும் குறித்துக் கொள்ளுங்கள். 30206 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்க வேண்டும். உள்துளை 30 மில்லிமீட்டர். அங்குல அளவு பேரிங்குகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. எனவே பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வதே நலம்.

புதியதைப் பொருத்துதல்

உள்வளையம், வெளிவளையம், ஆயில் சீல் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அச்சுமுனையில் உள்ள துருவை மெல்லிய எமரித் தாளால் துடைத்தால் போதும். அரம் போட்டுக் குறைக்காதீர்கள். அச்சுமுனை தேய்ந்து வளையம் ஆடினால், பஞ்ச் வைத்துக் குத்திப் பொருத்துவது சில நாளைக்குத்தான் தாங்கும். அதை லேத் பட்டறையில் காட்டிச் சரி செய்யுங்கள்.

புதிய வெளிவளையத்தை, பழைய வளையத்தை அதன் மேல் வைத்துத் தட்டி இறக்கலாம். அடியில் போய் உட்கார்ந்ததும் ஓசை கணீரென்று மாறும். சக்கர பேரிங்குக்கு உரிய கிரீசை உள்ளங்கையில் எடுத்து, உருளைகளின் இடுக்கில் மறுபக்கம் பிதுங்கும் வரை அழுத்தி நிரப்புங்கள். பழைய கிரீசோடு கலக்க வேண்டாம்.

சக்கரத்தைச் சுற்றிக் கொண்டே நட்டை இறுக்குங்கள். சுற்றுவது கனத்ததும், பின் துளை நேராக வரும் வரை சிறிது தளர்த்துங்கள். சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும், ஆட்டமும் இருக்கக் கூடாது. உங்கள் டிராக்டரின் கையேட்டில் அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஸ்பிளிட் பின் எப்போதும் புதியதாக இருக்கட்டும். சிறிது தூரம் ஓட்டி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் நட்டு இறுக்கம் அதிகம்.

உழவர் பெருமக்களே! டயர் வண்டி, டிரெய்லர், பழைய கார் ஆகியவற்றில் இதே வகை பேரிங் இருந்தால் இம்முறை பொருந்தும். சேற்றுழவு நடக்கும் நாட்களில், கிரீஸ் நிப்பிள் உள்ள சக்கரங்களுக்கு மாலைதோறும் கிரீஸ் அடியுங்கள். உழவு முடிந்ததும் ஹப்பைக் கழற்றி ஒரு முறை பாருங்கள். அந்த அரைநாள் வேலையை விட்டு விட்டால், நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு சாலையில் போகும்போது சக்கரம் கழன்று ஓடும் நிலை வரலாம். அப்போது அடிபடுவது வண்டி மட்டுமல்ல.