சின்னப் பிள்ளை கையில் எந்தக் கேம்?

(பிள்ளை மடுவத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)



வேலை முடிந்து, கொழுந்து நிறுத்து, நனைந்த படங்கைக் கழற்றி வைத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். அடுப்பு பற்ற வைக்கவும் ஆள் இல்லை என்று ஒரு அம்மா இப்போதுதான் சொன்னார். ஆகவே நீட்டிப் பேசமாட்டோம்.

போன் நம் லயங்களுக்குள் எப்படி வந்தது என்று உங்களுக்கே தெரியும். 2020 மார்ச் மாதம் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடினார்கள். பாடமெல்லாம் வாட்ஸ்அப்பிலும் சூமிலும் என்றார்கள். பட்டன் போன் வைத்திருந்த வீடுகளும் தோட்டை அடகு வைத்து, கடையில் தவணை சொல்லி, டச் போன் வாங்கின. சிக்னல் பிடிக்கப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறினார்கள். பிறகு பாடசாலை திறந்தது, பாடம் பழையபடி கரும்பலகைக்குப் போனது. போன் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. இப்போது அதில் பாடம் படிக்கிறவர்களை விட கேம் விளையாடுகிறவர்கள்தான் கூட.

"புள்ளைக்குக் கேம் கொடுக்கலாமா, கூடாதா?" என்று எங்களிடம் அடிக்கடி கேட்கிறீர்கள். கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவது எங்களுக்கு லேசு. ஆனால் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து, தண்ணீர் பிடித்து, விறகு பிளந்து, சோறு ஆக்குகிற நேரத்தில் காலைச் சுற்றிச் சுற்றி அழுகிற பிள்ளையை என்ன செய்வது? ஆனி, ஆடி மழையில் வாசலுக்கும் விட முடியாது. போனைக் கொடுத்தால் அரை மணி நேரம் சத்தம் இல்லை. இது எங்களுக்கும் தெரியும். அதனால் கொடுக்கலாமா என்பதை விட, எந்த வயதுக்கு எந்தக் கேம் என்று பேசினால்தான் உங்களுக்குப் பிரயோசனம்.

முதலில் கைக்குழந்தைகள். இரண்டு வயது ஆகாத பிள்ளைக்கு எந்தக் கேமும் வேண்டாம். இது எங்கள் சொந்த அபிப்பிராயம் இல்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2019ல் வெளியிட்ட வழிகாட்டலில், இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதே வழிகாட்டல், ஒன்று முதல் நாலு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலமாவது ஓடியாடித் திரிய வேண்டும் என்றும் சொல்கிறது. பேச்சு வருகிற வயதில் பிள்ளைக்கு வேண்டியது நம் வாய்ப் பேச்சு. நிலா காட்டி, காக்கா காட்டிச் சோறு ஊட்டிய அம்மாயி செய்த வேலையைப் போன் செய்யாது.

அடுத்தது மூன்று, நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள். இன்றைக்கு முக்கியமாகப் பேச வந்தது இவர்களைப் பற்றித்தான். நம் வீடுகளில் இந்தப் பிள்ளைகளுக்குக் கேம் தெரிவு செய்கிறது யார் என்று யோசித்துப் பாருங்கள். அம்மா இல்லை, அப்பா இல்லை. 14 வயது அண்ணன்தான். அவன் தனக்காக ஃப்ரீ ஃபயர் போட்டு வைக்கிறான், பப்ஜி போட்டு வைக்கிறான். அவன் டியூஷனுக்குப் போனதும் அதே போன் தம்பி கைக்கு வருகிறது. அண்ணன் வெளாடுறதைத்தான் தம்பியும் வெளாடும். காம்பரா ஒன்று, போன் ஒன்று; யாரைக் குற்றம் சொல்வது?

பதினாலு வயதுப் பிள்ளைக்கு அது வெறும் கேம் என்று தெரியும். நாலு வயதுக்கு நிசம் எது, படம் எது என்று முழுசாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரத்தத்தைக் கண்டால் அது இரத்தம்தான். ராத்திரியில் பிள்ளை திடுக்கிட்டு எழுந்து அலறினால் பயந்த கோளாறு என்று கயிறு மந்திரிக்கக் கொண்டு போகிறோம். கயிறு கட்டுங்கள், அதை நாங்கள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கட்டுவதற்கு முன், சாயந்தரம் போனில் என்ன பார்த்தது என்றும் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.

சரி, எந்தக் கேம் எந்த வயதுக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கேமின் பக்கத்திலும் ஒரு எண் இருக்கும். 3+, 7+, 12+, 16+, 18+ என்று போட்டிருக்கும். 18+ என்று இருந்தால் வளர்ந்தவர்களுக்கு மட்டும். டவுன் கடைகளில் சீடி போட்டு விளையாடிய காலத்திலிருந்தே பையன்கள் பைத்தியமாக இருக்கிற அந்தக் கார் திருடுகிற கேம், ஜீ.டி.ஏ., ஐரோப்பாவில் 18 என்று முத்திரை குத்தப்பட்டது. நம் வீடுகளில் அதை எட்டு வயதுப் பிள்ளை ஓட்டுகிறது. கார் ஓட்டுகிற கேம்தானே என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறோம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். 3+ என்று போட்டிருந்தால் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏற்ற கேம் என்று அர்த்தம் இல்லை. அடிதடி, ஆபாசம், கெட்ட வார்த்தை, சூது இதெல்லாம் இருக்கிறதா என்று கேம் செய்தவர்களிடம் கேள்விகள் கேட்டு, அந்தப் பதில்களை வைத்துத்தான் இந்த எண் வருகிறது. பிள்ளைக்கு விளங்குமா, விளையாட முடியுமா என்று அதில் பார்ப்பதில்லை. செஸ் விளையாட்டும் 3+ தான். மூன்று வயதுப் பிள்ளை செஸ் விளையாடுமா? கடைச் சாமான் பெட்டியில் 'நஞ்சு இல்லை' என்று எழுதினால் அது பிள்ளைச் சாப்பாடு ஆகிவிடாதே. அது மாதிரிதான் இதுவும்.

ஆகவே எண்ணைப் பார்த்த பிறகு, நீங்களே ஒரு பத்து நிமிடம் அதை விளையாடிப் பார்க்க வேண்டும். "எங்களுக்குப் படிப்பு இல்லையே" என்று சொல்லாதீர்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற கேம் என்றால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்க வேண்டும். உங்களுக்கு விளங்கவில்லை என்றால் பிள்ளைக்கும் விளங்காது. அந்தக் கேமை அப்போதே கழித்துவிடலாம்.

அந்தப் பத்து நிமிடத்தில் விளம்பரம் வருகிறதா என்று பாருங்கள். பிள்ளை படத்தைத் தொடப் போகும்போது நடுவில் வேறு ஒரு படம் குதிக்கும். அதை மூடுகிற பெருக்கல் அடையாளம் கடுகு அளவில் ஒரு மூலையில் இருக்கும். பிள்ளையின் விரல் விளம்பரத்தில்தான் படும். அதிலிருந்து எங்கெங்கோ போய், கடைசியில் ரீலோட் போட்ட காசு கரைந்திருக்கும். ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் என்று நாள் தோறும் போய்க்கொண்டிருந்ததை மாசக் கடைசியில் கண்டுபிடித்த வீடு நம் தோட்டத்திலேயே இருக்கிறது. ஒரு கேமைப் போடுவதற்கு முன்னாலேயே, அதில் விளம்பரம் உண்டு, உள்ளே காசு கொடுத்து வாங்குகிற சாமான் உண்டு என்று பிளே ஸ்டோரில் பொடி எழுத்தில் எழுதியிருக்கும். இரண்டில் ஒன்று இருந்தாலும் சின்னப் பிள்ளைக்கு அது வேண்டாம் என்பது எங்கள் எண்ணம்.

இன்னொன்று, கேமுக்குள் யாரோடாவது பேச, எழுத முடிகிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கம் இருப்பது பத்து வயதுப் பிள்ளையா, நாற்பது வயது ஆளா என்று நமக்குத் தெரியாது. ரொப்லொக்ஸ் மாதிரிக் கேம்களில் முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்துதான் விளையாடுகிறார்கள். பெரிய பிள்ளைகளிடம் யாராவது போட்டோ கேட்டால், தனியாகப் பேசக் கூப்பிட்டால், பிள்ளையை அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த முறை சொல்லாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற எண்ணுக்கு எடுத்துச் சொல்லலாம். எங்களிடமும் வரலாம்.

நல்ல கேம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஜீகொம்ப்ரி என்று ஒன்று. 2000ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டுக்காரர் ஒருவர் ஆரம்பித்தது. அந்தப் பெயரைச் சொன்னால் பிரெஞ்சு மொழியில் 'எனக்கு விளங்கிவிட்டது' என்று கேட்கும். இரண்டு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்கென்றே நூற்றுக்கு மேற்பட்ட சின்னச் சின்ன விளையாட்டுகள் அதற்குள் இருக்கின்றன. காசு இல்லை, விளம்பரம் இல்லை, ஒரு தரம் இறக்கிவிட்டால் பெரும்பாலானவற்றுக்கு டேட்டாவும் வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளைக்குப் படத்தைத் தொட்டால் மறைகிற விளையாட்டு, நாலு வயதுக்கு நிறம் சேர்ப்பது, ஐந்து, ஆறு வயதுக்கு எண்ணுவது, சோடிப் படம் கண்டுபிடிப்பது என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கலாம். தேடும்போது ஆங்கில எழுத்தில் ஜீ, சீ, ஓ, எம், பீ, ஆர், ஐ, எஸ் என்று போடச் சொல்லுங்கள். படம் கீறுகிற பிள்ளைக்கு டக்ஸ் பெயிண்ட் நல்லது. அதுவும் இலவசம்தான். கொஞ்சம் வளர்ந்து ஐந்து முதல் ஏழு வயதில், தானே கதை செய்து ஆட்டிப் பார்க்கிற ஸ்க்ரெச் ஜூனியர் இருக்கிறது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் பொழுது போகும்.

இதெல்லாம் பல்லாங்குழிக்கும் கல்லாங்காய்க்கும் சமமா என்று தாத்தா ஒருவர் பின்னால் இருந்து கேட்கிறார். இல்லை. பல்லாங்குழியில் எண்ணவும் வேண்டும், எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளின் முகத்தையும் பார்க்க வேண்டும். அதை விடாதீர்கள். போன் மழை நாளுக்கு இருக்கட்டும்.

கொடுக்கும்போது மூன்று வேலை செய்யுங்கள். பிளேன் படம் போட்ட பட்டனை அமர்த்தினால் டேட்டா நின்றுவிடும், வெளியிலிருந்து ஒன்றும் வராது. அவசரத்துக்கு யாராவது போன் எடுத்தாலும் வராது என்பதால் பிறகு மறக்காமல் திரும்ப அமர்த்துங்கள். அநேகமான போன்களில் ஒரு கேமைத் திறந்து வைத்து, அதிலிருந்து வெளியே போக முடியாமல் பூட்டி வைக்கிற வசதியும் இருக்கிறது. பிளே ஸ்டோரிலேயே வயதைக் குறித்து, இரகசிய எண் போட்டுவிட்டால் அந்த வயதுக்கு மேற்பட்ட கேமை இறக்க முடியாது. அந்த எண்ணை அம்மா வைத்துக்கொள்ள வேண்டும். பிறந்த நாளைப் போடாதீர்கள், பிள்ளைகள் முதலில் அதைத்தான் போட்டுப் பார்க்கும்.

நிறுத்தும்போது வெடுக்கென்று பிடுங்கினால் பிள்ளை புரண்டு அழத்தான் செய்யும். பெரியவர்கள் நாடகம் பார்க்கும்போது டீவியை நிறுத்தினால் நாம் என்ன செய்வோம்? "இந்த ஆட்டம் முடிஞ்சதும் சோறு" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முடிவே இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிற கேமை இந்த வயதில் போட வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு இதே பிள்ளை மடுவத்தில் இருப்போம். தொரையிடம் கேட்டு ஆபீஸ் வைஃபையைப் பாவிக்க அனுமதி வாங்கியிருக்கிறோம். உங்கள் டேட்டா செலவாகாது. வருகிறவர்களின் போனில் ஜீகொம்ப்ரியை இறக்கி, இரகசிய எண் போடுகிற விதத்தையும் காட்டித் தருவோம். போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வாருங்கள். போனைத் திறக்கிற பூட்டு பெரியவனுக்கு மட்டும்தான் தெரியும் என்றால் அவனையும் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள்.