பெண் நிறமா?



அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உழைத்துக் குடும்பம் தாங்கும் நம் பெண்மக்களைப் பாருங்கள். வரன் பேச வருகிறவர்கள் அவ்வுழைப்பையா விசாரிக்கிறார்கள்? “பெண் நிறமா?” என்கிறார்கள். மாப்பிள்ளையின் நிறத்தை எவரும் விசாரித்து நாம் கண்டதில்லை!

1975-இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பு வந்தது. முகம் வெளுத்தால்தான் பெண்ணுக்கு வேலையும் மணமும் கிட்டும் என்று அதன் விளம்பரங்கள் பல்லாண்டு காட்டின. கறுத்த நிறத்தைத் தாழ்த்திக் காட்டலாகாது என விளம்பரத் தரக் கழகம் 2014-இல் விதித்தது. 2020-இல் களிம்பு ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. வரன் பேசும் வீட்டில் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

சென்ற ஆண்டு ஓலை எழுத வந்த ஒரு தாய், மகள் கறுப்பென்று இரண்டு பவுன் கூடுதலாகக் கேட்டதை நம்மிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அந்த ஓலையை மூன்று ஞாயிறும் வாசித்தவர் நாமே.