சுவடியின் கடைசி வரி



மலைவலம் வருவோர் அடி அண்ணாமலையில் மணிவாசகர் கோயில் முன் சற்றே நின்று செல்வர். திருவெம்பாவை இம்மலையடியில் பிறந்தது என்பது மரபு. அதன் 18ஆம் பாட்டில் அண்ணாமலையான் பெயர் வருகிறது. எனினும், மரபைப் பெரிதும் தாங்கி நிற்பது பாட்டன்று. திருவாசகப் பதிப்புகளில் தலைப்பின்கீழ்க் காணும் 'திருவண்ணாமலையில் அருளியது' என்ற ஒற்றை வரியே.

திருவாசகம் முழுமைக்கும் இத்தகைய கதை ஒன்றுண்டு. மணிவாசகர் சொல்ல, அந்தணராய் வந்த இறைவன் ஏட்டில் எழுதினான். எழுதியவன் இன்னான் என இறுதியில் கையொப்பமிட்டுத் தில்லையின் திருப்படியில் வைத்து மறைந்தான். ஏடெழுதுவோன் தன் பெயரைக் கடைசியில் இடும் வழக்கத்தைக் கூத்தப்பெருமானும் மீறவில்லை! கதை புனைந்தவர் சுவடியோடு பழகியவராகத்தான் இருத்தல் வேண்டும்.

அக்கடைசி வரியின் அருமையை உணர வெகுதொலைவிலுள்ள ஓர் ஊர் உதவும். துருக்கியின் போகாஸ்கோய், ஹிட்டைட்டு அரசர்களின் தலைநகராகிய ஹத்துசா இருந்த இடம். 1906இல் ஹூகோ விங்க்ளரும் தியோடர் மக்ரிதியும் அங்கே அகழ்ந்தபோது ஆப்பெழுத்துப் பொறித்த களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. பின்வந்த அகழாய்வுகளையும் சேர்த்தால் முழுமையும் துண்டுமாக ஏறத்தாழ 30,000. ஆனால், எந்தப் பலகை எந்த அறையில், எதன் அருகில் கிடந்தது என்பதை முதலில் தோண்டியவர்கள் ஒழுங்காகக் குறிக்கவில்லை. 1915இல் ஹ்ரோஸ்னி அம்மொழியைப் படிக்க வழி கண்டார். நூலகத்தை மீட்டமைக்கும் பணியோ இன்றும் தொடர்கிறது.

அப்பணிக்குக் கைகொடுப்பவை பலகைகளின் இறுதிக் குறிப்புகள். நூலின் பெயர், இது எத்தனையாவது பலகை, நூல் முடிந்ததா இல்லையா, எழுதியவன் யார் என்பன அவற்றில் உள்ளன. பழைய பலகை சிதைந்ததால் புதிதாக எழுதினேன் என்று சொல்லும் குறிப்பும் உண்டு. நூற்பட்டியல் பலகைகளும் கிடைத்துள்ளன. சிலவற்றில் 'இப்பலகை காணப்படவில்லை' என்னும் பொருள்பட எழுதியிருக்கிறார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நூலகன் தேடி ஏமாந்திருக்கிறான்.

தமிழில் இதற்கு நேரான தொகுதி பதிற்றுப்பத்து. 1904இல் உ.வே.சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தபோது முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை. இடையிலுள்ள எட்டுப் பத்துகளின் இறுதியிலும் பதிகம் உண்டு. பாடப்பட்ட சேரன் யார், பாடிய புலவர் யார், பாட்டுகளின் பெயர்கள் யாவை, பெற்ற பரிசில் எவ்வளவு என்பவற்றை அது கூறும். பதிகங்கள் பாட்டுக்குப் பிற்பட்டவை என்பார் கூற்றுப் பொருந்துவதே. அதனால் அவற்றின் மதிப்புக் குறைந்துவிடாது. குமட்டூர்க் கண்ணனார் பாட்டில் தம் பெயரைச் சொல்லிக்கொள்ளவில்லை. அவரை இரண்டாம் பத்தின் ஆசிரியராகக் காட்டுவது பதிகமே.

மறைந்த பத்துகளைச் சேர்ந்தவை எனக் கருதப்படும் சில பாட்டுகள் புறத்திரட்டிலும் தொல்காப்பிய உரையிலும் அகப்பட்டுள்ளன. புறத்திரட்டைத் தொகுத்தவர் பெயர் தெரியவில்லை. அவரோ தாம் எடுத்த பாட்டுக்கருகில் 'பதிற்றுப்பத்து' என்று குறித்து வைத்தார். கிடைத்த எட்டுப் பத்துகளில் இல்லாத பாட்டு அப்பெயரோடு நிற்கக் காணும்போது, அது தொலைந்த ஏட்டினது என்று துணிய முடிகிறது. அக்குறிப்பு இல்லையேல் அவை வீடற்ற பாட்டுகள்.

பாட்டுகளில் சில இவ்வாறு மீண்டன, பதிகங்கள் மீளவில்லை. ஆகவே முதற்பத்தைப் பாடிய புலவர் யார், பத்தாம்பத்தைப் பாடியவர் யார் என்பது இன்றளவும் உறுதிப்படவில்லை.