மருந்தின் முதற்கூறு

மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவு என்றொரு சிறு தீவு உண்டு. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் தொழுநோயாளருக்கென அங்கே ஒரு வைத்தியசாலை அமைக்கப்பட்டது. நோயாளரைப் பிரித்து வைக்கும் அதிகாரத்தை 1901ஆம் ஆண்டின் சட்டம் அரசுக்கு அளித்திருந்தது. தோணியேறிச் சென்றவரின் விருப்பத்தை அச்சட்டம் கேட்கவில்லை. நோயை வேரறுக்கும் மருந்தும் அந்நாளில் இல்லை.

இன்று நிலைமை வேறு. பல மருந்துகளை ஒருங்கே வழங்கும் சிகிச்சையை 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 1983இல் அது இலங்கைக்கும் வந்தது. நோய் சிறிதாயின் 6 மாதங்கள். மிகுந்திருப்பின் 12 மாதங்கள். மருந்துக்கு விலையில்லை. உண்ணத் தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பிறரைத் தொற்றும் தன்மை நீங்கிவிடுகின்றது. ஆகவே தீவும் வேண்டியதில்லை, பிரிவும் வேண்டியதில்லை.

ஆயினும், முன்பு சட்டம் செய்த தீர்மானத்தை இன்று நோயாளரே செய்தல் வேண்டும். 1990இல் வானொலி, தொலைக்காட்சி வாயிலாக இந்நோயின் அறிகுறிகள் நாடெங்கும் அறிவிக்கப்பட்டபோது, பலர் தம் உடலைத் தாமே சோதித்து வைத்தியரை நாடினர். ஆனால் நோய் முற்றாக நீங்கவில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் இன்னும் புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர்.

வெளிறிய அல்லது சிவந்த தேமல், அவ்விடத்தில் உணர்ச்சிக் குறைவு, நோவுமில்லை, சொறிவுமில்லை. நோவில்லாததாலேயே வலை வீசுபவரும் வயலில் உழைப்பவரும் அதனைப் பொருட்படுத்தாது விடுகின்றனர். அதற்குள் நரம்பு கெட்டு விரல் மடங்கிவிடலாம். கெட்ட நரம்பை மருந்து மீட்டுத் தருவது அரிது. எனவே, தேமலைக் காலத்தே காட்டுவது நோயாளரின் முதற் கடமை.

இரண்டாவது கடமை, கேட்பது. றிபம்பிசின் என்னும் மருந்து சிறுநீரைச் சிவக்கச் செய்யும். குளோபசிமின் தோலைக் கருக்கச் செய்யும். மருந்து முடிந்தபின் அந்நிறம் மெல்ல மாறும். இதை அறியாதவர் அஞ்சி மருந்தை எறிந்துவிடக்கூடும். அறிந்தவர் உண்டு முடிப்பர். "இம்மருந்து என்ன செய்யும்? எத்தனை மாதம் உண்ண வேண்டும்? எது நேர்ந்தால் உடனே வரவேண்டும்?" என்று வைத்தியரிடம் வினவுவது மரியாதைக் குறைவன்று.

மூன்றாவது, சொல்வது. சிகிச்சையின் இடையிலோ பின்னரோ தேமல் சிவந்து வீங்கலாம், நரம்பு நோகலாம், கைகால் வலுக்குன்றலாம். அப்போது மருந்தைத் தாமாக நிறுத்தாது அன்றே வைத்தியரிடம் தெரிவித்தல் வேண்டும்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக்கினார்: நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர். அவற்றுள் நோயாளியையே முதலில் வைத்தார். வாவிக்கரையில் வாழும் ஒருவர் தம் கையிலுள்ள தேமலை மறைக்காது காட்டும் அன்று, அந்த முதற்கூறு தன் பணியைத் தொடங்கிவிடுகின்றது.